வெள்ளிக்கிழமைக்கு வைத்த விண்ணப்பம்

ஒரு மனிதர் சொல்வது உண்மைதான் என்று ஒப்புக்கொள்ள இந்த நாட்டு அரசாங்கத்துக்கு நாலு வருடம் பிடித்தது. அவருடைய மனைவியும் மகளும் வரவிருந்த வழியை மூடுவதற்கு நாலு நாள் போதுமாக இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. எழுதினால் கொஞ்சம் ஆறும் என்கிறார் என் மனைவி. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் வீட்டில் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு திரிவதைவிட இது பரவாயில்லை என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இருக்கும் சட்டத்தரணி அலுவலகத்தில் வாரத்துக்கு நாலு நாள் வேலை செய்கிறேன். தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன், படிவம் நிரப்புவேன், ஃபோட்டோக்கொப்பி எடுப்பேன். நானும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஓர் அலுவலகத்தில் கதிரையின் நுனியில் உட்கார்ந்து முழித்தவன். எங்கள் சட்டத்தரணி குட்மேய்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை, முப்பது வயதுதான், படு கெட்டிக்காரி. அவர் சட்டம் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு படியிறங்குவதற்கு முன் என்னுடைய மேசைக்கு வந்து, "அண்ணை, உண்மையா என்ன மாதிரி?" என்று மெல்லக் கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

நான் சொல்லும் மனிதர் வடமராட்சிக்காரர். ஊரில் அவரை இரண்டு தரம் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போய் அடித்தார்கள். மூன்றாம் தரம் வருவதற்குள் நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டார். அப்போது மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல், முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஓர் அறையில் வருடக்கணக்காகக் காத்திருந்தார். முதலில் நம்பவில்லை என்று நிராகரித்தார்கள். மேன்முறையீடு செய்தோம். நீதிபதி நம்பினார். போன வருடம் மே மாதம் அகதி அந்தஸ்துக் கடிதம் வந்தது.

கடிதத்தை நான் வாசித்து முடிக்க முதலே அவர் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணை, மனிசியையும் பிள்ளையையும் எப்ப கூப்பிடலாம்?"

அப்போது அதற்கு நல்ல வழி இருந்தது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் தன் மனைவியையும் சிறுபிள்ளைகளையும் இங்கே அழைக்கலாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள், மனைவிக்கு ஆங்கிலச் சோதனை இல்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. குடும்பம் உண்மையானது என்று காட்டினால் போதும். இவர் பார்க்கிங் என்கிற ஊர்ப்பக்கம் ஒரு களஞ்சியத்தில் சாமான் பெட்டிகள் அடுக்கும் வேலை எடுத்தார். அப்டன் பார்க்கில் ஒரு டயர்க் கடைக்கு மேல் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் வாடகைக்குப் பிடித்தார். மகளுக்கு அப்போது நாலு வயது. அவளை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. ஃபோனில் அவரைக் கண்டதும் அன்றைக்குப் பள்ளியில் கீறிய படத்தைத் திரை முழுக்க மறைத்துப் பிடிப்பாளாம். "கொஞ்சம் தள்ளிப் பிடி அம்மா, அப்பாக்கு உன்ர முகம் தெரியேல்லை" என்று தினமும் கெஞ்சுவதாகச் சொல்வார்.

விவாகப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படங்கள், நாலு வருட ஃபோன் உரையாடல்கள் எல்லாம் சேர்த்து, மொழிபெயர்த்து, படிவத்தைக் கணினியில் நிரப்பி முடித்தபோது ஜூலை மாதம் நடுப்பகுதி தாண்டிவிட்டது. ஆடி பிறந்து மூன்றாம் நாள். கடைசிப் பக்கம் திறந்திருந்தது. இனி அனுப்புகிற பொத்தானை அழுத்துவது மட்டும்தான் பாக்கி. அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ஆடி முடியட்டுமாம். மாமா சொல்லுறார்."

மாமா என்றது மனைவியின் தகப்பனை. மகளும் பேத்தியும் அவருடைய வீட்டில்தான் இருந்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் சனத்துக்கு ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் வேண்டும், ஆனால் ஆடியில் ஒரு நல்ல காரியம் தொடங்கக்கூடாது. அவரைச் சொல்லி என்ன? பத்து வருடத்துக்கு முன் குட்மேய்ஸில் வீடு வாங்கியபோது, சாவி கைக்கு வந்த பிறகும் ஆவணி வரும்வரை பால் காய்ச்சாமல் வாடகை வீட்டிலேயே கிடந்தவன் நான். "சரி, ஒரு மாதம்தானே" என்று சொல்லிப் படிவத்தைச் சேமித்துவைத்தேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயமான இடத்தில் வராத கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆடி முடிந்தது. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. மனைவி விரதம், தேரும் தீர்த்தமும் முடியட்டும் என்றார்கள். அதுவும் முடிந்தது. பிறகு மாமா மூன்று பேருடைய சாதகத்தையும் கொண்டுபோய்ச் சாத்திரியிடம் காட்டினார். இவருக்குச் சந்திராட்டமம், பிள்ளைக்கு ஏதோ ஒரு பார்வை. எல்லாம் விலகி ஒரு நாள் கிடைத்தது. செப்டம்பர் முதல் வெள்ளி, வளர்பிறை, காலை ஒன்பது மணிக்குப் பிறகு. நான் அதை என்னுடைய நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அந்த வாரத்துத் திங்கட்கிழமை பிற்பகல் பாராளுமன்றத்தில் அமைச்சர் எழும்பி, அகதிகள் குடும்பத்தை அழைக்கும் வழி தற்காலிகமாக நிறுத்தப்படும் என்று அறிவித்தார். அன்று மாலையே எங்கள் சட்டத்தரணியிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. கையில் இருக்கும் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் உடனே அனுப்பிவிடச் சொன்னார். அவர் வேறு ஊரில் வழக்குகளுக்குப் போயிருந்தார். என்னிடம் மூன்று விண்ணப்பம் இருந்தது. இரண்டைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே அனுப்பினேன். மூன்றாவது இவருடையது.

இவருக்குத் திங்கள் இரவே ஃபோன் எடுத்திருந்தேன்.

"தம்பி, ஒரு அறிவிப்பு வந்திருக்கு. குடும்பத்தைக் கூப்பிடுற வழியை நிப்பாட்டப் போகினமாம். வெள்ளிக்கு முதல் குடுத்தா நல்லம் எண்டு நினைக்கிறன்."

"எப்பயாம் அண்ணை?"

"இந்தக் கிழமைக்குள்ளயாம். நாள் சரியாச் சொல்லேல்லை."

"மாமா அலைஞ்சு திரிஞ்சு எடுத்த நாள். இன்னும் நாலு நாள்தானே அண்ணை?"

"அது உம்மட விருப்பம். நான் சொல்லிப்போட்டன்."

என்னுடைய இந்தப் பேச்சை இப்போது எழுதிப் பார்க்கும்போதுதான் அதன் லட்சணம் தெரிகிறது. இருபது வருடமாக இந்தக் கடிதங்களை வாசிக்கிறவன், "நினைக்கிறன்" என்று இழுத்திருக்கிறேன். ஏன் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஒருவர் பார்த்துவைத்த நல்ல நாளை இன்னொருவர் குழப்பக்கூடாது. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னுடைய தலையில்தான் விடியும். "அவர்தான் அவசரப்படுத்தினவர்" என்பார்கள். அந்தப் பழிக்குப் பயந்து, சொல்ல வேண்டியதை அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் பொறுப்பை அவருடைய கையில் திணித்தேன். செவ்வாயும் புதனும் நான் அவரைத் திரும்ப அழைக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் சட்டத்தரணி வழக்கு இடைவேளையில் எனக்கு அழைத்தார். "அங்கிள், ரூல் வந்திட்டுது. இண்டைக்கு மூண்டு மணியோட குளோஸ். எல்லாம் போட்டாச்சுதானே?" ஒன்று இருக்கிறது என்றேன். "உடனே போடுங்கோ" என்று வைத்துவிட்டார். அந்தக் குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் நான் அழுத்த முடியாது. சொல்வது எல்லாம் உண்மை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டியது விண்ணப்பிக்கிறவர். களஞ்சியத்தில் வேலை நேரத்தில் ஃபோனை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுவார்கள். பதினொரு தரம் அடித்தேன். படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அடிக்கிற ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, மூன்று மணி தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்கு அவர் திரும்ப அழைத்தார். சொன்னேன். பஸ்ஸில் ஏறிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நாளைக்குக் குடுக்கேலாதோ அண்ணை?"

வெள்ளிக்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு, திருநீறு பூசி, கழுவி மினுக்கிய சேர்ட்டோடு அலுவலகத்துக்கு வந்து நின்றார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் கணினியைத் திறந்து காட்டினேன். இனிப் புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படாது என்று எழுதியிருந்தது. அவர் அதைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு, ஒருக்கால் அழுத்திப் பாருங்கோ என்றார். அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த வாரம் சட்டத்தரணி எங்கள் இருவரையும் உட்காரவைத்து, மிச்சம் இருக்கும் வழிகளைச் சொன்னார். எல்லாரையும் போல மனைவிக்கு விசா கேட்கலாம். அதற்கு இவருக்கு வருடத்துக்கு இருபத்தொன்பதாயிரம் பவுண் சம்பளம் இருக்க வேண்டும், மனைவி ஆங்கிலச் சோதனை எழுத வேண்டும், கட்டணங்கள் வேறு. களஞ்சியத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் இவருக்கு அந்தச் சம்பளம் வராது. இல்லாவிட்டால், விதிகளுக்கு வெளியே, குடும்ப வாழ்வு மனித உரிமை என்று வாதாடி ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம். பெரும்பாலும் நிராகரிப்பார்கள், ஆனால் நிராகரித்தால் மேன்முறையீடு செய்ய உரிமை உண்டு. அதுவும் வேண்டாம் என்றால், வழி திரும்பத் திறக்கும்வரை காத்திருக்கலாம். எப்போது திறக்கும், என்ன நிபந்தனையோடு திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

"நான் அங்க போய்ப் பாத்திட்டு வந்தா?" என்று கேட்டார் அவர்.

"அங்க போனீங்களெண்டா உங்கட ஸ்டேட்டஸே போயிடும் அண்ணா," என்றார் சட்டத்தரணி. அது எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் கேட்டார்.

அவரைப் படியால் இறக்கி விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது சட்டத்தரணி என்னைப் பார்த்து, "அங்கிள், நான் திங்கட்கிழமையே மெசேஜ் போட்டனான்தானே?" என்றார். நான் அந்தப் பிள்ளையின் மேல் பாய்ந்து விழுந்தேன். நாலு வருடம் ஒரு மனிதனைக் கிடப்பில் போட்டவனைக் கேள், நாலு நாளில் கதவடைத்தவனைக் கேள், சாத்திரியைக் கேள், என்னை ஏன் கேட்கிறாய் என்று கத்தினேன். அவர் தேநீர் போட்டுக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

அந்த மாதம் முழுக்க நான் யாரோடும் ஒழுங்காகக் கதைக்கவில்லை. ஹை ஸ்ட்ரீட்டில் நான் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடைக்காரர், முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "சரியான சட்டம்தான் அண்ணை. இப்ப வாறவை எல்லாம் காசுக்கு வாறவை" என்றார். இவர் தொண்ணூறுகளில் லொறிக்குள் ஒளித்துப் படுத்து வந்து இறங்கியவர். "நீர் அப்ப என்னத்துக்கு வந்தனீர், யோகாசனம் பழகவோ லொறிக்குள்ள படுத்தனீர்?" என்று கேட்டுவிட்டுக் கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். மனைவி இப்போது அரைமைல் நடந்து வேறு கடையில் வாங்குகிறார். அதற்கும் சேர்த்து எனக்குப் பேச்சு.

விதிகளுக்கு வெளியே என்ற அந்த விண்ணப்பத்தைக் கொடுத்தோம். இந்த முறை ஒருவரும் நாள் பார்க்கவில்லை. ஐந்து மாதத்தின் பின் நிராகரிப்பு வந்தது. அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவன் நான். குடும்பம் இத்தனை வருடமாக வீடியோ அழைப்பு மூலம் உறவைப் பேணி வந்திருக்கிறது, அதேபோல் தொடரலாம் என்று எழுதியிருந்தார்கள். உறவு உண்மை என்று காட்ட நாங்கள் கட்டுக்கட்டாக அனுப்பிய ஃபோன் உரையாடல்களையே எடுத்து எங்கள் முகத்தில் அடித்திருந்தார்கள். வழி திறந்திருந்த காலத்தில் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதற்கு விளக்கம் இல்லை என்றும் ஒரு வரி இருந்தது. அவர் கேட்டு முடித்து, கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். நான் கழிவறைக்குள் போய்ச் சுவரில் குத்தினேன். விரல் வீங்கியது.

மேன்முறையீடு போட்டிருக்கிறோம். இதை எழுதும் வரை விசாரணைத் திகதி வரவில்லை. அந்தத் தாமதத்துக்கு என்ன விளக்கம் என்று நீதிபதி கட்டாயம் கேட்பார், மனைவியின் வாயால் ஒரு வாக்குமூலம் வேண்டும் என்றார் சட்டத்தரணி. போன மாதம் ஒருநாள் காலை, அவர் கணினியின் முன் இருக்க, நான் பக்கத்தில் இருந்து, ஊருக்கு அழைத்தோம். ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தோம். கணவர் வேலையில் நின்றார். அவருடைய மனைவியோடு நான் நேரடியாகக் கதைத்தது அதுதான் முதல் தரம்.

திருமணம், மகள், மகளின் பள்ளி எல்லாம் கேட்டோம். நிதானமாகப் பதில் சொன்னார். ஆடி மாதத்தையும் திருவிழாவையும் சாத்திரியையும் ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொன்றையும் நான் ஆங்கிலத்தில் சொல்ல, சட்டத்தரணி தட்டெழுதினார். பிறகு, அந்தக் கடைசி வியாழக்கிழமை உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணை. இவர் திங்கட்கிழமை சொன்னவர், ஏதோ சட்டம் மாறப்போகுதாம், வெள்ளிக்குக் குடுப்பம் எண்டு. வியாழக்கிழமை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை." நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல முதலே தொடர்ந்தார். "அண்டைக்குப் பின்னேரம் நான் வீட்டிலதான் நிண்டனான். ஃபோனும் கையிலதான் இருந்தது. உங்களிட்ட என்ர நம்பர் இருந்ததுதானே அண்ணை? எனக்கு ஒருக்கா எடுத்திருக்கலாமே. மூண்டு மணியோட சரி எண்டு தெரிஞ்சிருந்தா நான் அப்பாட்டக் கேட்டுக்கொண்டா இருந்திருப்பன்? குடுங்கோ எண்டு சொல்லியிருப்பன்."

நம்பர் இருந்தது. அந்தப் படிவத்தில், விண்ணப்பிக்கிறவர் என்று மனைவியின் பெயர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், நானே என் கையால் அடித்த நம்பர். பதினொரு தரம் கணவருக்கு அடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டரை மணி நேரத்தில் அது என் கண்ணுக்கு முன்னால் திரையிலேயே இருந்தது. இது என் மனதில் வராமலும் இல்லை. கணவரைக் கேளாமல் இன்னொருவருடைய மனைவிக்கு ஃபோன் எடுப்பது முறையில்லை என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஆம்பிளை அப்படி எடுப்பதில்லை. அதோடு, தகப்பன் பக்கத்தில் இருப்பார், அவருடைய நாளைக் குழப்ப நான் யார் என்றும் நினைத்தேன். இந்தக் கதையை எத்தனையோ பேருக்கு, மேசையில் அடித்து அடித்துச் சொல்லியிருக்கிறேன். அரசாங்கத்தைத் திட்டினேன், மாமாவைத் திட்டினேன், சாத்திரியைத் திட்டினேன், கடைக்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த நம்பர் விஷயத்தை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

சட்டத்தரணி என்னைப் பார்த்தார். அவருக்கு இவ்வளவு வேகமான ஊர்த்தமிழ் பிடிபடாது. "என்ன சொல்றா அங்கிள்?"

நான் வேறு ஒன்றைச் சொல்லியிருக்கலாம். தகவல் கிடைக்கவில்லையாம் என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சொல் சொல்லாக, என் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயரைப் போட்டு, ஆங்கிலத்தில் சொன்னேன். சட்டத்தரணி தட்டெழுதுவதை விட்டுவிட்டு, ஃபோனுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார்.

"அங்கிள், இதைப் போட்டா இந்தக் கேஸை நாங்கள் வச்சிருக்கேலாது. பிழை எங்கட ஒஃபீஸில எண்டு வரும். வேற சொலிசிட்டரிட்டக் குடுக்கவேணும். நீங்களும் ஒரு ஸ்டேட்மென்ட் எழுதவேணும்." பிறகு இன்னும் மெல்ல, "ஆனா அவைக்கு இது ஹெல்ப் பண்ணும்" என்றார்.

"போடுங்கோ," என்றேன்.

என்னுடைய ஆங்கிலத்திலும் எங்கள் குசுகுசுப்பிலும் ஃபோனின் மற்றப் பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிழையாக எதையோ சொல்லிவிட்டோம் என்று பயந்திருக்க வேண்டும்.

"அண்ணை, கோவிச்சிட்டியளோ? நான் உங்களைக் குறையாச் சொல்லேல்லை. பிழையா எடுக்காதேங்கோ. உங்களை விட்டா எங்களுக்கு அங்க ஆர் இருக்கினம்?"

சட்டத்தரணி மறுபடி என் முகத்தைப் பார்த்தார். அதையும் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.